பெட்டிக்கு ஓர் அடுக்களை காணல்

பொய் எழுதுவதென்றால் பத்து நிமிடம் என்று எழுதக் கூடாது. பத்தைப் பார்த்தவுடனே பொய் என்று தெரிந்துவிடும். பதினொன்று என்று எழுத வேண்டும். யாரோ கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்று அதில் ஒரு களை இருக்கும். இந்தத் தத்துவத்தைக் கண்டுபிடித்து, மூன்று வருடம் அதன் நிழலில் நிம்மதியாகத் தூங்கியவன் நான்.

நாகர்கோவிலில் ஒரு நிறுவனம். வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, திருப்பி அனுப்புவோம். தலைமை ஆபீசில் நாற்பது பேர், மார்த்தாண்டம் கிளையில் பதினெட்டுப் பேர். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெரும்பாலும் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்கு முன்னால் வளைகுடாவுக்குப் போய் எட்டே மாதத்தில் திரும்பி வந்தவன். எங்கள் பக்கத்தில் வளைகுடாவிலிருந்து ஆள் வந்தால் அத்தர், டார்ச் லைட், கம்பளி என்று ஒரு பெட்டியும் கூடவே வரும். என்னோடு மூலவியாதி மட்டும் வந்தது. என் அக்காவின் கணவர், அத்தான், அக்காவோடு இன்னும் அங்கேதான் இருந்தார். பாலைவனத்தின் நடுவில் ஒரு வெங்காயக் கிட்டங்கிக்கு, அதாவது கோடவுனுக்கு, மேலாளர். வாரம் தவறாமல் கூப்பிட்டு, கிட்டங்கியில் ஓர் ஆள் குறைகிறது, விசா அடிக்கட்டுமா என்று கேட்பார். எனக்கு வெங்காயம் உரித்தால்கூடக் கண் எரியும். ஒரு கிட்டங்கி முழுக்க வெங்காயத்தோடு குடும்பம் நடத்த முடியாது. ஆகவே நாகர்கோவில் வேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நிறுவனத்தின் உயிர் ஒரு கறுப்புப் பெட்டியில் இருந்தது. பன்னிரண்டு டிஸ்குகள் கொண்ட பெட்டி. எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் அது ‘இசட் டிரைவ்’ என்று தெரியும். யார் எதைத் தட்டினாலும் அங்கேதான் போய்ச் சேரும். அதற்கு ஒரு பிரதி, மார்த்தாண்டத்தில், ரப்பர் ஷீட் கடைக்கு மேலே, மாடி அறையில். கால் மணிக்கு ஒருமுறை கிழக்கே நாகர்கோவில் பெட்டியில் உள்ளதெல்லாம் மேற்கே மார்த்தாண்டத்துப் பெட்டிக்குக் கம்பி வழியே போகும். கிழக்கே தீப்பிடித்தாலோ வெள்ளம் புகுந்தாலோ மேற்குப் பெட்டி பொறுப்பேற்க வேண்டும். அதற்கு ஃபெயில் ஓவர் என்று பெயர். கிழக்கு சரியானதும் பொறுப்பைத் திருப்பி வாங்க வேண்டும். அது ஃபெயில் பேக். வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்து பார்த்து, எவ்வளவு நேரம் ஆனது என்று படிவத்தில் எழுதி வெளிநாட்டுக்கு அனுப்புவது ஒப்பந்தத்தில் உள்ள ஒரு ஷரத்து.

நான் செய்து பார்க்கவில்லை. ஓடுகிற பெட்டியை நிறுத்துவானேன் என்ற நல்லெண்ணம்தான். படிவத்தை மட்டும் நிரப்பினேன். சோதனை நடந்ததா? ஆம். எடுத்த நேரம்? பதினோரு நிமிடம். மூன்று வருடமும்.

நான்காம் வருடம், அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு என்ன தோன்றியதோ, சோதனையை நேரில் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு தணிக்கைக்காரரை அனுப்புவதாக எழுதிவிட்டார்கள். மொத்தமாக நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை நின்றால் தோல்வி. முதலாளி என்னைக் கூப்பிட்டு, பதினோரு நிமிஷத்தில் முடிகிற காரியத்துக்கு நான்கு மணி நேரம் தருகிறார்களே, நல்ல மனிதர்கள் என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டிய விதம் அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

“எடே, செவ்வாக்கிழமை சோதனையில தோத்தா, புதன்கிழமை நீ வரண்டாம்.”

அவ்வளவுதான். அன்று மாலையே அத்தான் ஃபோனில் வந்தார். வெங்காய வாசனை ஃபோன் வழியே வந்தது.

சோதனை பற்றி ஊழியர்களுக்கு விளக்க ஒரு கூட்டம் போட்டோம். ஃபெயில் ஓவர், ஃபெயில் பேக் என்று அரைமணி நேரம் பேசினேன். யாருக்கும் விளங்கவில்லை. எனக்கும் நடுநடுவே விளங்காமல் போனது. அப்போதுதான் என் வாய் தன் வேலையைக் காட்டியது. நம் கோப்புகளை ஒரு கல்யாணப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறந்த வீடு நாகர்கோவில். செவ்வாய்க்கிழமை காலை மார்த்தாண்டத்துக்குப் புகுந்த வீடு போகிறாள். பகலெல்லாம் அங்கே ஆக்கிப் பொங்குகிறாள். சாயங்காலம் மறுவீட்டுக்குப் பிறந்த வீடு வருகிறாள். முடிந்தது கதை.

எல்லா முகங்களிலும் வெளிச்சம் வந்தது. பிழைதிருத்தும் பிரிவுக்குத் தலைவி பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். முதலாளியின் கடிதத்திலேயே சிவப்பு மையால் சுழிப்பவர். அவர் எழுந்து நின்று கேட்டார்.

“அப்பம் அடுக்களை காணல் உண்டா மக்கா?”

கல்யாணம் முடிந்து சில நாளில் பெண் வீட்டார் வேன் பிடித்து, பழமும் பலகாரமும் பாத்திரமுமாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், தங்கள் பெண் புழங்கும் அடுக்களையைப் பார்த்து, வயிறாரச் சாப்பிட்டு, வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டே திரும்புவதற்கு எங்கள் ஊரில் அடுக்களை காணல் என்று பெயர். டீச்சர் கேட்டது பகடிதானே என்று நானும் சிரித்தபடி, உண்டே டீச்சர், அது இல்லாமலா என்றேன். எங்கள் ஊரில் வருகிறோம் என்று சொன்னால் மழை பெய்தாலும் வருவார்கள் என்பதை, எட்டு மாதம் வெளிநாட்டில் இருந்த பவிசில் மறந்துபோனேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. தணிக்கைக்காரர் ஒல்லியாக, வெள்ளைச் சட்டையில், கழுத்தில் ஒரு ஓட்டப்பந்தயக் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். பெட்டி இருந்த அறையில் மின் இணைப்பைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். கடிகாரத்தை அமுக்கினார். எல்லோரையும் கட்டடத்தை விட்டு வெளியே வரச் சொல்லி, வாசல் கதவில் சிவப்பு நாடா ஒட்டி, அதன்மேல் தன் கையால் எழுதிய காகிதத்தையும் ஒட்டினார்: ‘எரிந்துவிட்டது’.

“இந்தக் கட்டடம் எரிஞ்சு போச்சு. நீங்க இப்ப சாம்பல்ல நிக்கிறீங்க,” என்றார் என்னிடம். சிரிக்கவில்லை.

எங்கள் காவலாளி முட்டத்துக்காரர். காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “சாறே, எரிஞ்ச கட்டடத்துக்கு என்னத்துக்காக்கும் காவலு?” என்று கேட்டார். தணிக்கைக்காரர் இதை ஆழமாக யோசித்தார். சோதனை விதிப்படி இங்கே யாரும் இருக்கத் தேவையில்லை என்று தீர்ப்புச் சொன்னார். காவலாளி கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, மதியச் சோற்று வாளியோடு முட்டம் பஸ்ஸுக்கு நடந்தார். அதில் இருந்த ஆபத்து அப்போது எனக்கு உறைக்கவில்லை. எனக்கு வேறு ஆபத்து வந்திருந்தது.

மேற்குப் பெட்டியைப் பொறுப்பேற்கச் சொல்ல ஒரு கடவுச்சொல் வேண்டும். அது பதினான்கு எழுத்து. மறந்துவிடாமல் இருக்க அதைப் பெட்டி அறைச் சுவரில், காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்திருந்தேன். உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

“எதை எட்டிப் பாக்கப் போறீங்க? சுவர் எரிஞ்சு போச்சு.”

“சார், காலண்டர் மட்டும் கொஞ்சம் ஓரமா…”

“காலண்டர்தான் முதல்ல எரியும்.”

மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, வாசல் படியில், என் சொந்த ஆபீஸின் சாம்பலில் முப்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நினைவிலிருந்து அடித்துப் பார்த்த சொற்களில் என் பழைய காதலியின் வீட்டு நாய்ப் பெயர்கூட இருந்தது. கடைசியில் மார்த்தாண்டம் கிளையைப் பார்த்துக்கொள்ளும், ஆபீசில் எல்லோருக்கும் அக்காவான பெண்மணியை ஃபோனில் கூப்பிட்டேன். கணவர் கப்பலில், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், பதினெட்டுப் பேர் கிளையில், எல்லாவற்றையும் தனியாக மேய்ப்பவர். என்னைத் தம்பி என்பார். அக்கா, கடவுச்சொல் ஏதாவது எங்கேயாவது குறித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

எழுதவெல்லாம் இல்லை, நீ மூன்று வருடமாகக் கரண்ட் போகிறபோதெல்லாம் ஃபோனில் கத்துகிறாயே, பிள்ளைகளுக்கே மனப்பாடம் என்று சொல்லி, பதினான்கு எழுத்தையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். ஃபோன் ஒலிபெருக்கியில் இருந்தது. தணிக்கைக்காரர் மட்டுமல்ல, எதிரே பெட்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் கேட்டார்கள். தணிக்கைக்காரர் ஏதோ குறித்துக்கொண்டார். குறித்தபோது பேனா அழுந்தியது.

பத்து நாற்பத்தேழுக்கு மார்த்தாண்டத்துப் பிள்ளைகள் இசட் டிரைவைத் திறந்து தட்ட ஆரம்பித்தார்கள். ஃபெயில் ஓவர் முடிந்தது; தணிக்கைக்காரர் கடிகாரத்தை நிறுத்தினார். நாற்பத்தேழு நிமிடம். பதினொன்றின் மேல் எனக்கிருந்த பக்தி கொஞ்சம் ஆட்டம் கண்டது.

அடுத்து மேற்குப் பெட்டி ஓடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்றார். அவருடைய டாக்சியில் கிளம்பினோம். தக்கலை தாண்டும்போது என் ஃபோன் அடித்தது. அத்தான். எரிந்துவிட்டது என்ற காகிதத்தைக் கூரியர்காரர் படித்திருக்கிறார். அவர் பஸ் நிலையத்தில் சொல்லியிருக்கிறார். பஸ் நிலையத்திலிருந்து எங்கள் தெருவுக்கும், தெருவிலிருந்து கடல் தாண்டி வெங்காயக் கிட்டங்கிக்கும் ஒரு மணி நேரத்தில் செய்தி போய்விட்டது.

“ஏலே, ஆபீஸ் எரிஞ்சு போச்சாமே. நீ சுகமா இருக்கியா? விசா அடிக்கட்டா?”

எரியவில்லை அத்தான், எரிந்ததாக வைத்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். அத்தான் மிகவும் கனிவாக, தூக்கம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார்.

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் கடை வாசலில் ஒரு சுற்றுலா வேன் நின்றது. ஆபீஸ் எரிந்ததால் தலைமை ஆபீசுக்கு அன்று விடுமுறை. நாற்பது பேரில் இருபத்திரண்டு பேர் திற்பரப்பு அருவியில் குளிக்கக் கிளம்பிவிட்டார்கள். வழியில் ஒரு முக்கியமான காரியம் இருந்ததால் இங்கே இறங்கியிருந்தார்கள். டீச்சர் முன்னால் நின்றார். பின்னால் ஒருத்தி கையில் மட்டி வாழைப்பழக் குலை. இன்னொருத்தி கையில் முந்திரிக்கொத்து உருண்டை நிறைந்த எவர்சில்வர் தூக்கு. அச்சுமுறுக்கு தனி டின்னில். கடைசியாக வண்ணக் காகிதத்தில் சுற்றிய ஒரு தட்டையான பெட்டி. மாடிப்படி வாசலில் அக்காவும் பதினெட்டுப் பேரும் எதிர்கொண்டு நின்றார்கள். சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும்கூட இருந்தன. இதற்கெல்லாம் எப்போது பேசி வைத்தார்களோ, எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் தரகன்தானே.

இவர்கள் யார் என்று தணிக்கைக்காரர் கேட்டார்.

“பொண்ணு வீட்டுக்காரங்க சார்,” என்றேன்.

அவர் பையிலிருந்து சோதனைத் திட்டத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்தார். பிறகு அவர் நெற்றியிலும் யாரோ சந்தனம் வைத்தார்கள்.

இருபத்திரண்டு பேரும் வரிசையாகப் பெட்டி அறைக்குள் போய்ப் பார்த்தார்கள். மேற்குப் பெட்டி பச்சை விளக்குகள் மின்ன ஓடிக்கொண்டிருந்தது. கீழே கடையிலிருந்து ரப்பர் வாடை. டீச்சர் மூக்கைச் சுளித்து, எங்கள் பிள்ளை ஏ.சி.யில் வளர்ந்தது, இங்கே இந்த நாற்றத்தில் இருக்கிறதே என்று முறைப்படி ஒரு குறை சொன்னார். நாற்றம் பழகிவிடும், உங்கள் வீட்டில் எலி இருக்கிறதாமே என்று அக்கா முறைப்படி பதில் சொன்னார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வண்ணக் காகிதத்தைப் பிரித்தார்கள். இண்டக்‌ஷன் அடுப்பு. கிளையில் டீ போட வசதியில்லை என்று அக்கா எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்துப் பெண் வீட்டார் சேர்ந்து வாங்கிய சீர். புது அடுப்பு வந்தால் பால் பொங்க வேண்டும். பால் பாக்கெட்டும் பாத்திரமும்கூட அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் கரண்ட் இல்லை. மின்வெட்டு பேயாட்டம் ஆடிய வருடம் அது. பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை மார்த்தாண்டத்தில் மின்விசிறி சுற்றாது. பெட்டியும் கம்ப்யூட்டர்களும் யூ.பி.எஸ். பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன.

டீச்சர் பாத்திரத்தோடு திரும்பி, எந்தப் பிளக்கில் கரண்ட் இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டார்.

அங்கே நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன், அதைச் சொல்லக் கூடாது என்றும் தெரிந்திருக்க வேண்டியவன், நான் ஒருவன். ஆனால் பெண்கள் ஒரு தொழில்நுட்பக் கேள்வி கேட்டால் எனக்குள் ஒரு பேராசிரியர் விழித்துக்கொள்வார். சிவப்புப் பிளக்குகளில் மட்டும் கரண்ட் இருக்கும் டீச்சர், அது யூ.பி.எஸ். லைன் என்றேன். சொன்னதோடு விட்டேனா? டீச்சருக்குக் கை எட்டவில்லை என்று நானே வாங்கிச் செருகினேன். அடுப்பு கீச்சென்றது. அதன் விளக்கு எரிந்தது. குரவை போட இருவர் வாயைக் குவித்தார்கள்.

யூ.பி.எஸ். நான்கு தடவை கூவியது. அப்புறம் கூவவில்லை.

ஒரு கட்டடத்தின் மூச்சு நிற்பது எப்படி இருக்கும் என்று அன்று கேட்டேன். விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. பதினெட்டுத் திரைகளும் கறுத்தன. பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்தன. பாத்திரத்தில் பால் அசையாமல் இருந்தது.

தணிக்கைக்காரர் கடிகாரத்தை அமுக்கினார். “இது திட்டத்துல இருக்கா?” என்று கேட்டார்.

கிழக்கு எரிந்துவிட்டது. மேற்கு என்னால் அணைந்துவிட்டது. காலையிலிருந்து இரண்டு மணி நேரம் பதினெட்டுப் பேர் தட்டியது, ஒரு மருத்துவ அகராதியின் பாதி, அந்த அணைந்த பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. அது போனால் சோதனை போயிற்று, சோதனை போனால் புதன்கிழமை போயிற்று. யூ.பி.எஸ்ஸின் ஃபியூஸ் கருகியிருந்தது. எழுதி முடிக்காத எழுத்துகளை மூன்று நாள் நினைவில் வைத்திருக்கப் பெட்டிக்குள் ஒரு சின்ன பாட்டரி உண்டு என்று விற்றவர் சொல்லியிருந்தார். அதையும் நான் சோதித்துப் பார்த்ததில்லை. கரண்ட் வருகிறவரை செய்ய ஒன்றுமில்லை.

“சவத்த விடு தம்பி,” என்றார் அக்கா. “ரெண்டு மணிக்கு வரண்டாம்ணு சொன்னாலும் கரண்டு வரும். வந்தவங்களுக்குச் சோறு போட வேண்டாமா?”

மாடிப்படியிலும் வராந்தாவிலும் இலை போட்டார்கள். மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு அவித்து உதிர்த்தது, தேங்காய்ப்பட்டணத்திலிருந்து காலையில் வந்த மீனில் குழம்பு. தணிக்கைக்காரர் முதலில் வேண்டாம் என்றார். பிறகு கொஞ்சம் என்றார். பிறகு பேசவில்லை. குழம்பு பட்டுவிடும் என்று கழுத்திலிருந்த கடிகாரத்தைக் கழற்றி, கவனமாக ஓர் அமுக்கு அமுக்கி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். முள் எடுக்கத் தெரியாமல் அவர் திணற, டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். கை கழுவிய பிறகுதான் தணிக்கைக்காரர் கடிகாரத்தை வெளியே எடுத்து மறுபடி அமுக்கினார். நாற்பத்து மூன்று நிமிடம். எனக்கு எப்படித் தெரியுமென்றால், எதிர்ச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது; யூ.பி.எஸ்ஸை விட்டுவிட்டுப் பெட்டியை நேரே சுவர்ப் பிளக்கில் செருகினேன். பெண் வீட்டார் அருவிக்குக் கிளம்பினார்கள். பால் பொங்காமல் போவது டீச்சருக்கு மனக்குறைதான். நான் அடுப்பைப் பார்த்த பார்வையில் அவர் பால் பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு வேனில் ஏறினார்.

பெட்டி எழுந்து, தன் பன்னிரண்டு டிஸ்குகளையும் ஒன்று ஒன்றாகத் தடவிப் பார்த்து, ஐம்பத்தைந்து நிமிடம் கழித்துப் பச்சை காட்டியது; தணிக்கைக்காரர் கடிகாரத்தை நிறுத்தினார். அக்கா அகராதியைத் திறந்து பார்த்தார். கடைசியாகச் சேமித்த வரிவரை இருந்தது. நான் வராந்தாவில் கடைக்காரர் அடுக்கியிருந்த ரப்பர் ஷீட் கட்டின்மேல் சாய்ந்து உட்கார்ந்தேன். எழுந்தபோது சட்டை என்னோடு வர மறுத்தது.

இனி ஃபெயில் பேக். புதுக் கட்டடம் கட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம், கிழக்குப் பெட்டியை உயிர்ப்பியுங்கள் என்றார் தணிக்கைக்காரர். உயிர்ப்பிக்க யாராவது பூட்டைத் திறந்து மின் இணைப்பைச் செருக வேண்டும். பூட்டின் சாவி முட்டத்தில் காவலாளியின் இடுப்பில் இருந்தது. கூப்பிட்டேன். காற்றும் அலையும்தான் முதலில் கேட்டன. பாறைமேல் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். கட்டடம் திரும்பக் கட்டியாகிவிட்டது, உடனே வாருங்கள் என்றேன். அதற்குள்ளேயா என்று கேட்டார். பஸ் பிடித்து, பூட்டைத் திறந்து, நான் ஃபோனில் சொல்லச் சொல்லச் செருகினார். நாலேகாலுக்குக் கிழக்குப் பெட்டி கண் விழித்தது.

விழித்த பெட்டிக்கு நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. தான்தான் இன்னும் எஜமான் என்று நினைத்துக்கொண்டிருந்தது. இரண்டு எஜமான்கள் இருக்கும்போது யாரும் எழுதக் கூடாதென்று எல்லோரையும் நிறுத்தினேன். தணிக்கைக்காரரின் கடிகாரம் மறுபடி ஓடியது. திரையில் ஒரு கேள்வி வந்தது. எதிலிருந்து எதற்குப் பிரதி எடுக்க வேண்டும்? கிழக்கிலிருந்து மேற்குக்கா, மேற்கிலிருந்து கிழக்குக்கா?

மூன்று வருடம் எந்தக் கேள்வி வந்தாலும் கிழக்கிலிருந்து மேற்குக்கு என்றே தட்டிய விரல் இது. தானாகவே அங்கே போனது. ‘மேற்கில் உள்ளவை அழியும், உறுதியா?’ என்று பெட்டி கேட்டது. பெட்டி எப்போதும் இப்படித்தான் பயமுறுத்தும் என்று நான் ‘ஆம்’ பக்கம் நகர்ந்தேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. மீன் வெட்டிப் பழகிய பிடி.

“தம்பி, எங்கேர்ந்து எங்க அடிக்கப் போற?”

“கிழக்கேர்ந்து மேற்கே அக்கா. எப்பவும் அப்படித்தானே.”

“எப்பவும் அப்படியாக்கும். இண்ணைக்கு அப்படி இல்ல. காலையிலேர்ந்து பிள்ளைங்க அடிச்ச அவ்வளவும் இஞ்சதான் கெடக்கு. அங்க கெடக்கது நேத்தைய பழங்கஞ்சி. அதைக் கொண்டுவந்து இதுக்கு மேல ஊத்தவாக்கும் நிக்க?” கையை விடாமலே தொடர்ந்தார். “மறுவீட்டுக் கதை சொன்னது நீதானே. மறுவீட்டுக்குப் போற பொண்ணு புகுந்த வீட்டிலேர்ந்துதானே கெளம்பணும்.”

என் உவமை எனக்கே பாடம் எடுத்தது. விரலை எடுத்தேன். அக்காவே மற்றதைத் தொட்டார். மேற்கிலிருந்து கிழக்குக்கு. ஒரு கோடு மெதுவாக நிறைய ஆரம்பித்தது. ஐந்து ஐம்பதுக்கு நாகர்கோவில் பெட்டி பொறுப்பேற்றது. காவலாளி அங்கே ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து, அகராதியின் கடைசிச் சொல்லை ஃபோனில் எழுத்துக் கூட்டி வாசித்தார். அது ஒரு குடல் வியாதி. அவ்வளவு இனிமையான சொல்லை நான் கேட்டதில்லை.

தணிக்கைக்காரர் மேசையில் நான்கு படிவங்களைப் பரப்பினார். மூன்று பழையவை, ஒன்று வெற்று. பழைய மூன்றையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகச் சேர்த்து வைத்தார். பதினொன்று, பதினொன்று, பதினொன்று.

“ஏன் பதினொண்ணு?”

“பத்துன்னு போட்டா பொய் மாதிரி இருக்கும் சார்.”

அவர் தலையை அசைத்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. இவர் தொழில் கற்ற ஒருவர் இன்னொருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, மொத்தம் மூன்று மணி முப்பத்து நான்கு நிமிடம் என்று சொல்லி, வெற்றுப் படிவத்தில் எழுதப் போனார். நான்குக்குள்தான். நான் ஜெயித்துவிட்டேன். புதன்கிழமை என்னுடையது. வெங்காயம் வேறு எவனுக்கோ.

அப்போது ஏன் வாயைத் திறந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு நாளுக்கு ஓர் உண்மைதான் என் உடம்பு தாங்கும்; இரண்டாவது எப்படி வந்ததென்று தெரியவில்லை. மரச்சீனி வாயுவாக இருக்கலாம்.

“சார், சாப்பிடுறப்ப கடிகாரத்தை நிறுத்திட்டீங்க. நாப்பத்து மூணு நிமிஷம்.”

அவர் கடிகாரத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். குழம்பு வாசனை இருந்திருக்க வேண்டும். காது சிவந்தது. நாற்பத்து மூன்றைக் கூட்டினார். நான்கு மணி பதினேழு நிமிடம். தோல்வி.

அதற்கப்புறம் ஒரு பக்கம் முழுக்க எழுதினார். எழுதிவிட்டு முதலாளியிடம் ஃபோனில் வாசித்துக் காட்டினார். சோதனை தோல்வி, மூன்று மாதத்தில் மறுபடி நடத்த வேண்டும். ஆனால் இந்த நிறுவனம் அனுப்பியதில் நம்பக்கூடிய முதல் எண் இதுதான் என்பதால் அதுவரை ஒப்பந்தத்தை நிறுத்த வேண்டியதில்லை. கடவுச்சொல்லைச் சுவரில் எழுதக் கூடாது, தெருவில் ஒப்பிக்கவும் கூடாது. சமையல் சாதனங்கள் சிவப்புப் பிளக்கின் பக்கம் வரக் கூடாது. கடைசியாக, பெட்டிகளுக்கு மட்டுமல்ல, பொறுப்பாளருக்கும் ஒரு மாற்று வேண்டும். இப்போதைய மாற்று, பொறுப்பாளரைவிடத் தேவலை என்று தெரிவதால், இருவரையும் இடம் மாற்றலாம்.

ஃபோன் என் கைக்கு வந்தது. மறுமுனையில் முதலாளி.

“தோத்தா புதன்கிழமை வரண்டாம்ணு சொன்னேன்லா?”

“சொன்னீங்க.”

“வரண்டாம். இங்க வரண்டாம். அந்த அக்கா இங்க வரட்டு. நீ நாளையிலேர்ந்து ரப்பர் கடைக்கு மேல இரி.”

வாசலில் வேன் வந்து நின்றது. அருவியில் குளித்த ஈரத் தலைகளோடு டீச்சரும் கூட்டமும் இறங்கினார்கள். பெண் மறுவீடு வந்து சேர்ந்தாயிற்றா என்று கேட்டார்கள். வந்துவிட்டாள், கூடவே அக்காவும் போகிறார், பதிலுக்கு நான் இங்கே வாழவருகிறேன் என்றேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்து, முதுகில் ஒட்டியிருந்த ரப்பரைப் பிய்த்து எடுத்தார். அப்படியானால் அடுத்த செவ்வாய் உனக்கு ஓர் அடுக்களை காணல் உண்டு என்றார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. உண்மையாகவே வருவார்கள் என்று தெரியும்.

புதன்கிழமை காலை மார்த்தாண்டத்தில் மாடியேறினேன். மின்வெட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. பிள்ளைகள் இண்டக்‌ஷன் அடுப்பை வராந்தாவில், பெட்டிக்கு வெகுதூரத்தில், வெள்ளைப் பிளக்கில் செருகியிருந்தார்கள். பால் பொங்கி வழிந்தது. முதல் டம்ளர் எனக்குத் தந்தார்கள். சுவரில் யாரோ சாக்பீஸால் அம்புக்குறி ஒன்று வரைந்து வைத்திருந்தார்கள், மேற்கிலிருந்து கிழக்கே, எனக்காகவே பெரிதாக. அத்தான் கூப்பிட்டார். வேலை இருக்கிறது அத்தான், ஆனால் நான் இப்போது இரண்டாவது பெட்டி என்றேன். அவர் என் கூடப்பிறந்த அக்காவிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து நடந்த சோதனையில் பெட்டிகள் இரண்டு மணி நேரத்தில் போய்த் திரும்பின. எல்லாம் நாகர்கோவிலில் இருந்து அக்கா நடத்தியது. என்னைத் திருப்பி மாற்றிப் பார்க்கும் சோதனையை மட்டும் இதுவரை யாரும் நடத்தவில்லை.